சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்து: வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்தை யாழ்ப்பாணத்திலேயே படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பொருள் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ இருந்து கை மாறிக் கை மாறிக் கடைக்கு வந்து சேரும் பாதைதான் வழங்கல் சங்கிலி. யாழ்ப்பாணத்தில் நாற்பது வயது தாண்டிய யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி விளக்கெரித்துப் படித்தவர்கள் அவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, கப்பல் வந்தால் சாமான், வராவிட்டால் இல்லை என்று சங்கக்கடை வாசலில் நின்றவர்கள். பாதை அறுந்தால் என்ன நடக்கும் என்பதை உடம்பால் அறிந்த சமூகம் இது. அதைக் கணக்காலும் அறிந்துகொண்டால் அது ஒரு தொழில்.

உயர்தரத்தில் வர்த்தகம் படித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்கும், கடையிலோ ஸ்டோர்ஸிலோ வேலை பார்த்துக்கொண்டே மேலே ஏற நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் யாழ் நகரில் ஒரு மொத்த வியாபார ஸ்டோர்ஸில் பில் எழுதத் தொடங்கி, கொள்வனவுக்கு மாறி, இப்போது இருப்புத் திட்டமிடலில் இருக்கிறேன். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இந்தத் துறையில் நமக்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் சாமான் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து இங்கே வருகிறது. வழியில் நடக்கும் அத்தனை தாமதமும் நம் கடை வாசலில்தான் வந்து சேர்கிறது. ஆகவே பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாக இருப்பதை இங்கே நாள்தோறும் கண்ணால் பார்க்கலாம்.

நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் அடிப்படை பிடிபட ஆறு மாதம் போதும். கீழே உள்ள ஒழுங்கில் போங்கள்.

படி 1: ஒரு பொருளின் பின்னால் போங்கள்

புத்தகம் திறக்க முன் ஒரு பொருளைத் தெரிவுசெய்யுங்கள். சின்ன வெங்காயம், கறுத்தக்கொழும்பான் மாம்பழம், குருநகரில் இறங்கும் நண்டு, எதுவானாலும் சரி. நான் நீர்வேலி வாழைக்குலையை எடுத்தேன். ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: இப்போது யார் கையில் இருக்கிறது, அங்கே எவ்வளவு நேரம் கிடந்தது, எவ்வளவு பழுதானது, அதற்கான காசு யாருக்கு எப்போது போகிறது. தோட்டத்தில் வெட்டிய நேரம், லான்ட்மாஸ்டரில் சந்தைக்கு வந்த நேரம், விலை பேசி முடிந்த நேரம், லொறியில் ஏற்றிய நேரம் என்று எழுதிக்கொண்டே போங்கள். சுன்னாகம் சந்தைக்கு விடியற்காலையில் போய் நின்றால் ஒரு கிழமையில் பாதிக் கொப்பி நிரம்பிவிடும். மரியாதையாகக் கேட்டால் வியாபாரிகள் சொல்வார்கள். “ஐயா, இது எத்தனை மணிக்கு வந்தது?” என்ற கேள்வியில் யாருக்கும் கோபம் வராது. விலையை மட்டும் முதல் நாளே கேட்காதீர்கள்.

இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, பொருள் ஓடும் நேரத்தை விடக் கிடக்கும் நேரம் அதிகம். லொறி ஓடுவது ஒரு இரவு. மிச்சமெல்லாம் காத்திருப்பு: ஆள் வரவில்லை, லோட் நிரம்பவில்லை, இறக்க இடமில்லை. இரண்டாவது, சேதத்தை யார் சுமக்கிறார் என்பது. நம் பக்கத்துச் சந்தைகளில் ‘கழிவு’ என்று விவசாயியின் நிறையில் ஒரு பங்கைக் கழிப்பது பழைய வழக்கம். வழியில் அழுகப்போவதற்கான செலவை, அழுகும் முன்னரே, சங்கிலியில் பலம் குறைந்தவரின் தலையில் வைப்பதுதான் அது. சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கூடை வந்தால் அழுகுவது குறையும். ஆனால் கூடைக்குக் காசு போடுபவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர். வழங்கல் சங்கிலியின் பெரிய சிக்கல்களில் பாதி இந்த வடிவத்தில்தான் இருக்கும். இதை ஒரு சந்தையில் கண்டுவிட்டால் பிறகு எந்தத் தொழிற்சாலையிலும் கண்டுபிடிப்பீர்கள்.

படி 2: மூன்று ஓட்டம்

பொருள் முன்னால் ஓடும், தகவல் இரு பக்கமும் ஓடும், காசு பின்னால் ஓடும். இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். 1996 இல் அமெரிக்காவில் உருவான ஸ்கோர் (SCOR) என்ற மாதிரியுரு, இதே வேலைகளைத் திட்டமிடல், கொள்வனவு, உற்பத்தி, விநியோகம் என்று பிரித்தது. திருப்பி எடுத்தல் முதலியவை பிறகு சேர்ந்தன. பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும், மனப்பாடம் செய்ய வேண்டாம்.

காசு ஓட்டத்தை மட்டும் கணக்காகப் பழகுங்கள், ஏனென்றால் பேட்டிகளில் இதைச் சரியாகச் சொல்பவர்கள் குறைவு. சாமான் ஸ்டோர்ஸில் சராசரியாக 30 நாள் கிடக்கிறது. கடைக்காரர் 45 நாளுக்குத் திகதி போட்ட காசோலை தருகிறார். நீங்கள் கொம்பனிக்கு 30 நாளில் கட்டவேண்டும். 30 உம் 45 உம் கூட்டி 30 ஐக் கழித்தால் 45 நாள். அந்த 45 நாளுக்கும் உங்கள் முதலாளியின் சொந்தக் காசு, அல்லது வங்கியின் வட்டிக் காசு, சாமானாக முடங்கிக் கிடக்கிறது. ஸ்டோர்ஸில் 10 நாளைக் குறைத்தால் அவ்வளவுக்கு வட்டி மிச்சம். முதலாளிக்கு விளங்கும் மொழி இதுதான்.

படி 3: இருப்புக் கணக்கு

இங்கே அவசரப்படவேண்டாம், இரண்டு மாதம் எடுங்கள். உயர்தரக் கணக்கீட்டில் மீள் கட்டளை மட்டம், சிக்கனக் கட்டளைத் தொகை என்று படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்ததும் மறந்த அதே பாடம்தான் இங்கே சம்பளம் தரும்.

ஒரு மொத்தக் கடையில் ஒரு வகை பிஸ்கற் நாளுக்குச் சராசரியாக 12 பெட்டி போகிறது என்று வைப்போம். கூடிக் குறையும் அளவு, அதாவது நியம விலகல், 4 பெட்டி. கொழும்புக்கு ஓடர் கொடுத்து லொறி வந்து சேர 4 நாள். இந்த 4 நாளைத்தான் லீட் டைம் என்கிறோம். 100 தடவையில் 95 தடவை சாமான் முடியாமல் இருக்கவேண்டுமென்றால் பெருக்கும் எண் 1.65. விற்பனை திடீரென்று கூடினாலும் முடியாமல் இருக்க மேலதிகமாக வைக்கும் சாமான்தான் காப்பிருப்பு. அது 1.65 × 4 × (4 நாளின் வர்க்கமூலம்), அதாவது 1.65 × 4 × 2 = 13.2. மேல்நோக்கி எடுத்தால் 14 பெட்டி. நான்கு நாள் விற்பனை 48. ஆக ஸ்டோர்ஸில் 62 பெட்டி இருக்கும்போதே அடுத்த ஓடர் போகவேண்டும்.

இது லொறி சொன்ன நாளில் வரும் ஊருக்கான கணக்கு. நம் ஊரில் 4 நாள் என்பது சிலவேளை 3, சிலவேளை 6. அந்த லீட் டைமுக்கும் ஒரு நாள் நியம விலகல் இருக்கிறது என்று எடுத்தால் கணக்கு மாறும். விற்பனையின் ஆட்டம்: 4 × 16 = 64. பாதையின் ஆட்டம்: 12 இன் வர்க்கம் 144, அதை 1 ஆல் பெருக்க 144. கூட்டினால் 208, வர்க்கமூலம் 14.4, அதை 1.65 ஆல் பெருக்கினால் 23.8. காப்பிருப்பு 14 இல் இருந்து 24 ஆகிவிட்டது.

இந்த இரண்டு எண்ணையும் நான் முதன்முதலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அதுவரைக்கும் “விற்பனை எப்ப கூடும் குறையும் எண்டு சொல்லேலாது” என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கணக்கு வேறு கதை சொன்னது. 208 இல் 144 பாதையின் பங்கு. வாடிக்கையாளரை விட லொறிதான் எங்களை அதிகம் ஆட்டியது. கிழமைக்கு இரண்டு நாள் நிச்சயமாக வரும் லொறிக்காரர் ஒருவருக்குக் கொஞ்சம் கூடக் கூலி கொடுப்பது, பத்துப் பத்தாகப் பெட்டி அடுக்கி வைப்பதை விட மலிவு என்று அப்போதுதான் விளங்கியது. கடையில் நூறு வகைச் சாமான் இருந்தால் இந்தப் பத்தை நூறால் பெருக்கிப் பாருங்கள்.

சிக்கனக் கட்டளைத் தொகைக்கு, அதாவது ஒரு தடவையில் எவ்வளவு ஓடர் செய்தால் மொத்தச் செலவு குறைவு என்ற கணக்குக்கு வருவோம். 1913 இல் ஃபோர்ட் விற்மன் ஹரிஸ் என்பவர் எழுதிய சூத்திரம் அது. வருஷத்துக்கு 300 வியாபார நாள், 3600 பெட்டி. ஒரு ஓடருக்கு ஆகும் நிலையான செலவு 2000 ரூபாய். ஒரு பெட்டியை ஒரு வருஷம் வைத்திருக்க 400 ரூபாய். 2 × 3600 × 2000 ஐ 400 ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 190 பெட்டி. அப்படி ஓடர் செய்தால் வருஷச் செலவு சுமார் 75,900 ரூபாய். ‘லொறியில் இடமில்லை, 150 தான் ஏற்றலாம்’ என்றால்? செலவு 78,000. வித்தியாசம் மூன்று வீதத்துக்கும் குறைவு. எனவே இந்த எண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சண்டை போடவேண்டாம். கிட்டத்தட்டச் சரியாக இருந்தால் போதும். காப்பிருப்பும் லீட் டைமும் அப்படியல்ல, அவற்றில் பிழைத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஏபிசி வகுப்பைப் பற்றி இரண்டு வரி: வருஷ விற்பனைப் பெறுமதியின்படி சாமானை வரிசைப்படுத்துங்கள், மேலே உள்ள சிறு பகுதி பெரும் பங்கைக் கொண்டிருக்கும், அவற்றை அடிக்கடி எண்ணுங்கள். காலாவதித் திகதி உள்ள சாமானில், முதலில் வந்ததை அல்ல, முதலில் காலாவதியாவதை முதலில் வெளியே அனுப்புங்கள்.

படி 4: நல்லூர்த் திருவிழாவை வைத்து முன்கணிப்புப் பழகுங்கள்

முன்கணிப்பில் முதல் பாடம் நகரும் சராசரி. கடந்த நான்கு கிழமையின் சராசரியை அடுத்த கிழமைக்கு எடுப்பது. இரண்டாவது பாடம் பருவம். நமக்கு அதற்கு நல்லூரை விட நல்ல உதாரணம் கிடையாது. இருபத்தைந்து நாளும் எத்தனையோ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. மீன் கேள்வி இறங்கும், மரக்கறி ஏறும், கற்பூரமும் தேங்காயும் ஏறும், வெளிநாட்டில் இருந்து வந்தவர்களால் குளிர்பானம் ஏறும்.

ஆனால் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருந்து வரும் திட்டங்களில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். ‘போன வருஷம் ஓகஸ்டில் எவ்வளவு’ என்று பார்த்து இந்த வருஷம் ஓகஸ்டுக்கு அனுப்புவார்கள். கொடியேற்றம் 2023 இல் ஓகஸ்ட் 21, 2024 இல் ஓகஸ்ட் 9, 2025 இல் ஜூலை 29. மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் பிழைக்கும். கொடியேற்ற நாளை 1 ஆம் நாள் என்று வைத்து, விற்பனையை நாள் எண்ணோடு ஒப்பிடவேண்டும். எக்செலில் ஒரு நிரல் கூடச் சேர்த்தால் முடிந்தது. இப்படி ஒரு அட்டவணையைச் செய்து மேலாளரிடம் காட்டிய பிள்ளையை எந்த நிறுவனமும் சும்மா விடாது.

முன்கணித்த பிறகு, எவ்வளவு பிழைத்தது என்பதையும் வீதத்தில் எழுதி வையுங்கள். ‘போன கிழமை போலவே இந்தக் கிழமையும்’ என்ற சோம்பேறி முன்கணிப்பை உங்கள் முறை வெல்லவில்லை என்றால் உங்கள் முறையை விட்டுவிடுங்கள்.

படி 5: சாட்டை விளைவு

சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பெரிதாக வீசும். கடையில் 5 வீதம் கூடிய விற்பனை, தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது 40 வீதம் கூடிய ஓடராகத் தெரியலாம். 1961 இல் ஜே ஃபொரெஸ்ரர் இதன் அடிப்படையை எழுதினார். 1997 இல் ஹௌ லீ முதலானோர் நான்கு காரணம் சொன்னார்கள்: ஒவ்வொருவரும் தனித்தனியே முன்கணிப்பது, ஓடர்களைச் சேர்த்து வைத்துக் கொடுப்பது, விலைக் கழிவு நாட்கள், தட்டுப்பாட்டுப் பயத்தில் கூடக் கேட்பது.

நாலாவதை 2022 இல் எரிபொருள் வரிசையில் பார்த்தோம். டொலர் இல்லாமல் எரிபொருள் குறைந்தது உண்மை. அதற்கு மேலே, பாதித் தாங்கி இருந்தவரும் வரிசையில் நின்றார், கானில் சேர்த்தார். ஜூலையில் கியூஆர் முறை வந்து கிழமைக்கு இவ்வளவு என்று நிச்சயமானதும் பயத்தில் சேர்ப்பதற்கு இடமில்லாமல் போனது. சாட்டை விளைவுக்கான மருந்தும் அதுதான்: நிச்சயமான பங்கீடு, திறந்த தகவல்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இதைப் படிப்பிக்க 1960களில் உருவாக்கிய பியர் விளையாட்டு என்று ஒன்று உண்டு. நான்கு பேர், தாள், தாயக்கட்டை போதும். ஒருவர் கடை, ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் ஏஜென்ற், ஒருவர் தொழிற்சாலை. ஒருவரோடொருவர் கதைக்காமல், ஓடர் தாளை மட்டும் அனுப்பி இருபது சுற்று விளையாடுங்கள். பியருக்குப் பதில் நெக்டோ சோடா என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 6: எண்ணாமல் கையெழுத்து வைக்காதீர்கள்

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம். மாரி மழை, இரவு ஏழு மணி, லொறியின் படங்குத் துணியில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. சாரதி அவசரப்படுத்துகிறார். “தம்பி, கெதியாச் சைன் பண்ணித் தாரும், நான் இரவே திரும்போணும்.” 120 பெட்டி என்று இருந்த தாளில் கையெழுத்து வைத்தேன். காலையில் எண்ணினால் 112. எட்டுப் பெட்டி எங்கே போனது என்று கடைசிவரை தெரியவில்லை. அனுப்பியவர்களிடம் என் கையெழுத்து இருந்தது. கணக்குப்பிள்ளை ஐயா திட்டவில்லை, ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். “கையெழுத்து எண்டது, நான் எண்ணினனான் எண்டு சொல்லுறது. எண்ண நேரமில்லையெண்டால் ‘எண்ணவில்லை’ எண்டு எழுதிப்போட்டு வை.”

அன்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன். மூன்று தாளும் ஒத்துப்போகவேண்டும்: நாங்கள் கேட்ட ஓடர், உண்மையில் வந்து இறங்கியதற்கான பொருள் பெற்ற பற்றுச்சீட்டு, அவர்கள் அனுப்பும் விலைச்சிட்டை. மூன்றில் ஒன்று பிசகினால் காசு கட்டக்கூடாது. உலகத்தின் மிகப் பெரிய கொம்பனிகளின் மென்பொருளும் அடியில் இந்தச் சோதனையைத்தான் செய்கிறது.

படி 7: கப்பலும் இன்கோடேர்ம்ஸும்

இறக்குமதி ஏற்றுமதிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு மட்டும் இது ஆழமாக வேண்டும். எந்தச் செலவை யார் கட்டுவது, நட்டத்துக்கு எதுவரை யார் பொறுப்பு என்று விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் பிரிப்பவைதான் சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் இன்கோடேர்ம்ஸ். அதன் 2020 பதிப்பில் பதினொரு விதிகள். எஃப்ஓபி, சிஐஎஃப், டிஏபி, எக்ஸ்வேர்க்ஸ் நான்கையும் முதலில் படியுங்கள். பலரும் பிழைக்கும் இடம் சிஐஎஃப்: கொழும்புவரை கப்பற்கூலியும் காப்புறுதியும் விற்பவர் கட்டுகிறார், ஆனால் சரக்குக் கப்பலில் ஏறிய நிமிஷமே நட்டத்துக்கான பொறுப்பு வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. சுங்கத்துக்குக் கொடுக்கும் கஸ்டெக் என்ற பிரகடனப் படிவம், கப்பல் கொம்பனி தரும் பில் ஒஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டு, பொதிப்பட்டியல் ஆகியவற்றின் மாதிரிகளைத் தேடி எடுத்து, ஒவ்வொரு கட்டமும் எதற்கென்று பாருங்கள். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு யார் ஏற்றுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த 400 கிலோமீற்றரை மறந்து விலை பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 8: கருவி, மொழி, சான்றிதழ்

எக்செல் முதலில். பிவொட் அட்டவணை, லுக்கப், நிபந்தனையோடு கூட்டுதல், இந்த மூன்றும் கையில் வந்தால் ஸ்டோர்ஸ் வேலை முழுவதையும் சமாளிக்கலாம். பிறகு தரவுத்தளத்தில் இருந்து தகவல் எடுக்கும் எஸ்கியூஎல், அதை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ. ஈஆர்பி, அதாவது கொள்வனவு, இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள், பழக எஸ்ஏபி (SAP) தான் வேண்டும் என்று காசு செலவழிக்க வேண்டாம். ஓடூ என்ற மென்பொருளின் சமூகப் பதிப்பு இலவசம். அதில் ஒரு கற்பனைக் கடை திறந்து ஓடர், பெறுதல், விலைச்சிட்டை என்று ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லா ஈஆர்பியும் இதே எலும்புக்கூடுதான் என்று தெரியும்.

ஆங்கிலம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சிங்களத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். கொழும்பு ஸ்டோர்ஸ்காரரோடும் சாரதியோடும் தொலைபேசியில் நாலு வார்த்தை கதைக்கத் தெரிந்தால், லொறி எங்கே நிற்கிறது என்ற உண்மை உங்களுக்கு முதலில் தெரியும்.

இணையத்தில் எம்ஐடியின் மைக்ரோமாஸ்ரர்ஸ் பாடத்தொடர் ஐந்து பாடங்கள் கொண்டது. அதில் அடிப்படைப் பாடம் இந்தக் கட்டுரையின் முன்கணிப்பு, இருப்புக் கணக்குகளை விரிவாகச் சொல்லித் தரும். தொழில்முறைச் சான்றிதழ் தரும் நிறுவனங்களில், கொள்வனவுப் பக்கம் போக விரும்பினால் சிஐபிஎஸ் (CIPS), போக்குவரத்துக்கு சிஐஎல்ரி (CILT), திட்டமிடலுக்கு ஏஎஸ்சிஎம் (ASCM) நிறுவனத்தின் சிபிஐஎம் (CPIM) சான்றிதழ், உள்நாட்டில் ஐஎஸ்எம்எம் (ISMM). பட்டமாகவே படிக்க மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துக்கும் சரக்கு நகர்வுக்கும் தனித் துறை இருக்கிறது. என் கருத்து: வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமாவது ஆகும் முன் விலை கூடிய சான்றிதழுக்குக் கட்டணம் கட்டவேண்டாம். எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிக்கும் என்பது அதற்குள் தெரிந்துவிடும், நிறுவனமே பாதிக் கட்டணம் கொடுக்கவும் கூடும்.

படி 9: வேலை

வடக்கில் இதற்கு வேலை தரும் இடங்கள்: சுப்பர்மார்க்கெற்றுகள், நுகர்பொருள் விநியோகஸ்தர்கள், ஆடைத் தொழிற்சாலைகள், கடலுணவு பதப்படுத்துவோர், கட்டடப் பொருள் இறக்குமதியாளர், தொண்டு நிறுவனங்கள். களஞ்சிய உதவியாளர் என்ற பெயரைக் கண்டு தயங்காதீர்கள். கொள்வனவு, திட்டமிடல் எல்லாவற்றுக்கும் கதவு அங்கேதான்.

விண்ணப்பத்தோடு ஒரு தாள் இணையுங்கள். படி 1 இல் பின்தொடர்ந்த பொருள், அது கிடந்த மணித்தியாலங்கள், பழுதானது எத்தனை வீதம், ஒரேயொரு மாற்றம், அதனால் எவ்வளவு மிச்சம். உங்கள் கையால் எண்ணிய எண்களாக இருக்கட்டும். மற்றவர்கள் சான்றிதழின் பிரதியைக் கொண்டுவரும் மேசையில் நீங்கள் வாழைக்குலையின் கணக்கை வைப்பீர்கள்.

வேலை கிடைத்தால் முதல் கிழமையே, போன மூன்று மாதத்து ஓடர் கோப்பையும் பொருள் பெற்ற பற்றுச்சீட்டுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஓடரின் திகதியையும் அது இறங்கிய திகதியையும் இரண்டு நிரலில் எழுதிக் கழியுங்கள். ‘நாலு நாளில் வரும்’ என்று அங்கே எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும் சாமான் எத்தனை நாளில் வருகிறது என்று அந்த நிறுவனத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொள்பவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.